மஞ்சள் கோட்டுக்கு வெளியே

புதுவாயல்
19.01.2025

அன்புத் தம்பி ஹேமநாத்துக்கு,

புவனா எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஷார்ஜாவில் இப்போது குளிர்காலம் என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

போனை எடுக்காமல் மெயில் அனுப்புகிறாளே என்று நினைப்பாய். இந்த வீடு ஒரே அறை. நான் பேசினால் அத்தை காதில் விழும், அத்தை அழுதால் பக்கத்து வீட்டில் விழும். தவிர, போனில் யாராவது 'எப்படி இருக்க' என்று கேட்டால் எனக்குப் பதில் வரமாட்டேன் என்கிறது. எழுதும்போது அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

விஷயம் இதுதான். உன் மாமா கம்பெனியில் இறந்த பிறகு எனக்கு அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள் அல்லவா, தந்துவிட்டார்கள். பொங்கல் முடிந்ததும் சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதே கேட், அவர் போய்வந்த அதே கம்பெனி பஸ். சேஃப்டி பிரிவில் ஆபீஸ் உதவியாளர். எங்கள் அதிகாரி எட்வர்ட் சார். நல்ல மனிதர். எனக்காக மேலே பேசி இந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். ஆறு மாதம் தற்காலிகம், வேலை கற்றுக்கொண்டால் நிரந்தரம்.

கற்க வேண்டிய வேலை படம் வரைவது. கட்டம், அம்பு, கட்டம், அம்பு. தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, மெஷின் நின்றால் யாருக்குச் சொல்வது, எல்லாவற்றுக்கும் ஒரு படம். அதற்கான மென்பொருள் ஆபீஸில் இரண்டே கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டிலும் இன்ஜினியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஊட்ல கம்ப்யூட்டர் இருந்தா ஃப்ரீயா எதனா போட்டுப் பழகிக்கம்மா" என்றார் சார்.

வீட்டில் இருப்பது பிளஸ் டூவில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த லேப்டாப். அது ஆன் ஆவதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது, பிளக்கில் செருகினால்தான் உயிர். அதற்கு ஏற்றமாதிரி, காசில்லாமல், நெட் இல்லாமல், தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிற மாதிரி ஒன்று சொல். நாள் முழுக்க படம் வரைகிறவன் நீ, உனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
புவனேஸ்வரி


ஷார்ஜா
20.01.2025

அன்பு அக்கா,

உன் மெயிலைப் பார்த்ததும் முதலில் பயந்துவிட்டேன், பிறகு படித்தேன். நான் நலம். அத்தையின் காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். இலவசம் என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் இலவசம் இல்லை, அக்கா. கூகிளில் முதலில் வருவதை இறக்கிவிடாதே. சிலது மூன்று படம் வரைய விடும், நாலாவது படத்துக்கு கார்டு நம்பர் கேட்கும். சிலது உன் படத்தின் குறுக்கே தன் பெயரை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி குத்தி அனுப்பும். கல்யாணப் பத்திரிகையில் பாத்திரக்கடை விளம்பரம் வந்தமாதிரி இருக்கும்.

நான் அறையில் வைத்திருப்பது டிரா டாட் ஐஓ. அருமையானது, முழுக்க இலவசம். ஆனால் உன் லேப்டாப்பின் வயதுக்கு அந்தப் புதுச் சமாசாரம் ஏறுமா என்று சந்தேகம். ஒய்எட் என்று ஒன்று உண்டு. கட்டங்களை நீ எப்படி இறைத்துப் போட்டாலும் ஒரு பட்டனை அழுத்தினால் தானாகவே அடுக்கி வைத்துவிடும். என்னைப்போன்ற சோம்பேறிக்கு ஏற்றது. இன்னொன்று லிப்ரே ஆபீஸ். அதற்குள் டிரா என்று ஒரு பகுதி இருக்கிறது. பார்க்க எளிமையாக, நம் மீனவக் குப்பத்துப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும். நெட் வேண்டாம். தமிழ் உடையாது. பிடிஎஃப் ஆக்கித் தரும். கொஞ்சம் பழைய பதிப்பாகப் பார்த்து இறக்கு. என்னைக் கேட்டால் உனக்கு இதுதான்.

போன ஆகஸ்டில் மாமா காரியத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். லீவு தரவில்லை என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி நாலைந்து முறை எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். அதனால்தான் மென்பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

தம்பி,
ஹேமநாத்


புதுவாயல்
02.02.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அத்தைக்கும் சுகம்தான் என்று வைத்துக்கொள்.

நீ சொன்ன இரண்டையும் பக்கத்துக் கடையில் பென் டிரைவில் ஏற்றிவந்து போட்டேன். ஒய்எட் எனக்குச் சரிவரவில்லை. நான் வைத்த கட்டம் வைத்த இடத்தில் இருக்கவேண்டும். அழகாக அடுக்குகிறேன் என்று அது எடுத்துக்கொண்டு போய் வேறு எங்கோ வைத்துவிடுகிறது. லிப்ரே ஆபீஸையே வைத்துக்கொண்டேன். திறக்க நேரமாகிறது. எனக்கும் வேறு வேலை இல்லை.

கட்டம் வரைவது நன்றாகத்தான் இருக்கிறது. கையும் கண்ணும் அதிலேயே இருக்கும், மனசு என்று ஒன்று வேண்டியதில்லை. சோறு சாப்பிட்டோமா என்று சட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அத்தை காலையில் விளக்கேற்றும்போது உன் மாமா படத்துக்கு முன்னால் நின்று மகனைத் திட்டுகிறார். தினமும். "சின்னப் புள்ளையில இருந்தே பராக்குப் பாத்துக்கினே நடப்பான். கரைமேல நடக்கச் சொன்னா தண்ணியில நடப்பான். சொன்னா கேட்டியாடா நைனா, கேட்டியா?" ஆள் நடக்கப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நடந்தார் என்று கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மீன்முள் படம் என்று ஒன்று கேட்கிறார்கள். ஒரு விபத்து நடந்தால் அதற்கு என்னென்ன காரணம் என்று முள் முள்ளாகக் காட்டுவது. நான் போட்டுப் பழகியதை அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா மீனு இது? முள்ளு இவ்ளோதானா? இந்த மீனு நீந்தவே நீந்தாது" என்றார். பழவேற்காட்டுக்காரி கண். எனக்கும் அது மீன்போல் இல்லை. எப்படிப் போடுவது?

அக்கா,
புவனா


ஷார்ஜா
04.02.2025

அன்பு அக்கா,

நலம். வாரத்தில் ஒருநாள் மீன் குழம்பு வைக்கிறேன். பழவேற்காட்டு ஏரி மீன் ருசி இல்லை, எல்லாம் ஐஸ்.

அத்தை சொன்னது சரி, அது மீனே இல்லை. நடுவில் நீளமாக ஒரு கோடு, வலது முனையில் ஒரு கட்டம், அதுதான் தலை. தலையில் நடந்த விபத்தை எழுது. நடுக்கோட்டுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு சாய்ந்த கோடு. மனிதன், இயந்திரம், பொருள், முறை. சாதாரணக் கோடு போடாதே, கனெக்டர் என்று இருப்பதை எடு. அது கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், கட்டத்தை நகர்த்தினால் கூடவே வரும்.

இந்தப் படத்தின் சூட்சுமத்தையும் சொல்கிறேன். நான் சென்னையில் வேலை பார்த்த இடத்திலும் சரி, இங்கேயும் சரி, எந்த விபத்தானாலும் கடைசியில் மனிதன் முள்ளில்தான் எழுதுவார்கள். 'கவனக்குறைவு' என்று போட்டு, பக்கத்தில் 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதினால் ஃபைல் மூடிவிடும். மற்ற மூன்று முள்ளில் எழுதினால் யாராவது செலவு செய்யவேண்டுமே. நீயும் கண்ணை மூடிக்கொண்டு அதில் போட்டுவிடு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

எந்த விபத்துக்கு வரைகிறாய்? பழகுவதற்குத்தானே?

தம்பி,
ஹேமா


புதுவாயல்
16.03.2025

தம்பிக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. தைலம் வந்தது. அத்தை ஒரு காலுக்கு மட்டும் தடவுகிறார், இன்னொரு காலுக்கு அடுத்த பாட்டிலாம்.

எந்த விபத்து என்று கேட்டிருந்தாய். லாரியில் சரக்கு ஏற்றும் லோடிங் பேயில் நடந்த விபத்து. போன ஆகஸ்ட். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னோக்கி வந்ததில் ஒருவர் இறந்துபோனார். உன் மாமாதான்.

ஏப்ரல் கடைசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கம்பெனியைப் பார்வையிட வருகிறார்கள். அதற்காகப் பழைய விபத்துகளை எல்லாம் ஒரே மாதிரி படமாக்கி வைக்கவேண்டும். வரிசையாகக் கொடுத்தார்கள். விரல் நசுங்கியது, கண்ணில் துகள் விழுந்தது, ஏணி சரிந்தது. அடுத்ததாக இது வந்தது. எடுத்துக்கொடுத்த நர்மதா வேலைக்குப் புதிது, நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. எட்வர்ட் சார் அன்றைக்கு லீவு.

கையால் அவசரமாகப் போட்டிருந்த படம். பெயர் இல்லை, 'பாதிக்கப்பட்ட பணியாளர்' என்று இருந்தது. மனிதன் முள்ளில் 'மஞ்சள் கோட்டுக்கு வெளியே கவனமின்றி நடந்தார்.' மற்ற மூன்று முள்ளும் காலி. உன் சூட்சுமம் சரிதான்.

அழவில்லை. நர்மதா பக்கத்தில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள், தின்றேன். வீட்டுக்கு எடுத்துவந்து தலைக்கட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

எல்லாக் கோட்டின் தடிமனையும் ஒரே தடவையில் மாற்ற வழி இருக்கிறதா?

புவனா


ஷார்ஜா
16.03.2025

அக்கா,

எத்தனை முறை கூப்பிட்டேன், எடுக்கமாட்டேன் என்கிறாய். பரவாயில்லை, எழுதியாவது அனுப்பு.

நான் எழுதிய வேடிக்கையை நீ ஒன்றரை மாதம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

நீ அதை வரையாதே. எட்வர்ட் சார் நல்லவர் என்கிறாயே, அவரிடம் சொல். வேறு யாராவது வரையட்டும். அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிடு. அக்கா, இது ஒரு வேலையா?

எல்லாவற்றையும் தேர்வு செய்துகொண்டு, லைன் என்ற இடத்தில் தடிமனை ஒருமுறை மாற்றினால் போதும்.

ஹேமா


புதுவாயல்
30.03.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். கோட்டுத் தடிமன் மாறிவிட்டது.

சாரிடம் பேசினேன். அவர் முகம் செத்துவிட்டது. டீ வாங்கிவரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, "உன்கிட்ட வந்திருக்கக் கூடாதும்மா. குடு, நர்மதாவை வரையச் சொல்றேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். நர்மதா வரைந்தால் பழையதைப் பார்த்து அப்படியே வரைவாள். என் கையில் இருக்கும்வரை அது முடியாமலாவது இருக்கும்.

பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள், ஒரு காரணம் கிடைத்தால் அதோடு நிற்கக்கூடாது, மேலும் மேலும் 'ஏன்' கேட்கவேண்டும் என்று. நான் கேட்டுப் பார்த்தேன். அவர் ஏன் கோட்டுக்கு வெளியே நடந்தார்? கோட்டுக்கு உள்ளே, ஆள் நடக்கிற வழி முழுக்க, சரக்கு ஏற்றும் மரப் பேலட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏன்? குடோன் நிறைந்துவிட்டது, லாரி வரவில்லை. சரி, பின்னால் வண்டி வருவது அவருக்கு ஏன் தெரியவில்லை? ரிவர்ஸ் ஹாரன் அடிக்கவில்லை. ஏன்? ஒயரை அறுத்துவிட்டிருந்தார்கள். ஏன்? மாடியில் மீட்டிங் நடக்கும்போது சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று மேலிருந்து சொன்னார்களாம். இதெல்லாம் எனக்குச் சொன்னது ஜெபா. லோடிங் பேயில் பேக்கிங் வேலை, பஸ்ஸில் என் பக்கத்து சீட். அன்றைக்கு அங்கே இருந்தவள். "எல்லாருக்கும் தெரியும்க்கா. கேட்டா சொல்லுவோம். எவன் கேட்டான்?" என்றாள்.

இதை எழுதிக்கொண்டுபோய் சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் உண்மைதாம்மா. ஆனா மாடிய இதுல எழுத முடியாது. மனுசன் முள்ளுல யாரையாவது போட்டாகணும். இருக்கிறது ரெண்டு பேரு. வண்டி ஓட்டுன பாக்கியராஜைப் போட்டா அவன அனுப்பிடுவாங்க, கான்ட்ராக்ட் ஆளு, ரெண்டு புள்ளைங்க. போனவரைப் போட்டா யாருக்கும் கெடுதல் இல்ல. நீயே சொல்லு" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை, ஹேமா. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். நிரந்தர ஆர்டர் அவர் கையெழுத்தில்தான் போகவேண்டும், அதை அவர் வாயால் சொல்லவும் இல்லை.

எனக்குக் கோபம் வரவேண்டும் அல்லவா? வந்தால் தேவலை. மரத்துப்போக ஊசி போட்ட இடத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

புவனா


ஷார்ஜா
02.04.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தை நலமும் அறிய ஆவல்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். வேலையை விட்டால் எங்கே போவாய்? குப்பத்துக்குத் திரும்பிப் போய் இறால் உரிக்கவா? அத்தையை யார் பார்ப்பது? நான் பணம் அனுப்புகிறேன் என்றால் நீ வாங்கமாட்டாய், கேட்டுப் பார்த்துவிட்டேன். பாக்கியராஜைப் போடவும் உனக்கு மனசு வராது. அவர்கள் கேட்கிறபடி வரைந்து கொடுத்துவிடு, அக்கா. காகிதம்தானே. மாமா எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாதா?

நீ வைத்திருக்கும் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. லேயர் என்பார்கள். ஒரு படத்தின்மேல் கண்ணாடித்தாள் வைத்து இன்னொரு படம் வரைகிற மாதிரி. புதிதாக ஒரு லேயர் போட்டு, அதில் பேலட், ஹாரன், மாடி எல்லாவற்றையும் எழுதிக்கொள். அதன் அமைப்பில் பிரிண்ட் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடு. உனக்குத் திரையில் தெரியும், அச்சில் வராது. அவர்களுக்கு அச்சுப்பிரதியைக் கொடு. உண்மை உன் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும்.

இதைவிட நல்ல யோசனை எனக்கு வரவில்லை.

தம்பி,
ஹேமா


புதுவாயல்
18.05.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். வெயில் தாங்கவில்லை. அத்தை ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ சொன்னபடி செய்தேன். இரண்டு லேயர். மேலே உள்ளதற்கு டிக் இல்லை. அச்சில் ஒரு முள்ளில் மட்டும் எழுத்து வந்தது, மற்ற மூன்றும் காலி. படம் சுத்தமாக இருக்கிறது என்று வந்தவர்கள் பாராட்டினார்களாம். எட்வர்ட் சார் சொன்னார், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பெரிதாக அச்சடித்து லோடிங் பே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் திங்கள்கிழமை சேஃப்டி வகுப்பு. நர்மதாவுக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்களோடு பேச வராது, எனக்கும் வராது, ஆனால் படம் வரைந்தவள் நான் என்று என்னை நிற்க வைத்துவிட்டார்கள். குச்சியால் தொட்டுக் காட்டவேண்டும். 'இவர் மஞ்சள் கோட்டுக்கு வெளியே கவனமில்லாமல் நடந்தார். நீங்கள் அப்படி நடக்காதீர்கள்.' அவர்களும் தலையாட்டுகிறார்கள். இதுவரை நாலு வகுப்பு முடிந்தது. ஹாரனுக்கு இப்போதும் ஒயர் கொடுக்கவில்லை.

முதல் வாரம் குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. பஸ் டிரைவர் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தால் அத்தை அதையேதான் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு இடத்திலும் அதையே கேட்கிறேன்.

உன் யோசனை நன்றாக வேலை செய்கிறது.

புவனா


ஷார்ஜா
22.06.2025

அன்பு அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நலம். வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன், வேலை அதிகம் இல்லை.

உன் கடைசி வரியைத் தினமும் படிக்கிறேன். செப்டம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். இந்தமுறை தராவிட்டாலும் வருகிறேன்.

ஹேமா


புதுவாயல்
03.08.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

நேற்று கம்பெனியில் குடும்ப தினம். வருடத்தில் ஒருநாள் வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களைக் கூட்டிவந்து உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். பிரியாணி, பிள்ளைகளுக்குப் பலூன். நான் அத்தையிடம் சொல்லவே இல்லை. ஜெபா பஸ் ஸ்டாப்பில் சொல்லிவிட்டாள். "எம்புள்ள எங்க வேலை செஞ்சான்னு நான் பாத்ததே இல்லியே. இட்னு போ" என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றார். கால் வலி, கூட்டம், வெயில் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மற்ற இடங்களைக் காட்டி இழுத்தடித்தேன். அவர் நேராக "அவன் இருந்த இடம் எது?" என்றார். லோடிங் பே பக்கம் போனோம். அங்கே கூட்டம் இருந்தது. எட்வர்ட் சார் தன் மனைவியோடு நின்றிருந்தார். பாக்கியராஜும் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். அவரை இப்போது பழைய இரும்பு கொட்டும் ஸ்க்ராப் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அத்தை தரையைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"நீ ஊட்ல வரைஞ்சியே, அதானே இது?"

"ஆமா அத்தை."

"இவனைப் பத்தியா?"

எனக்குப் பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஆமாம் என்றேன்.

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே. இன்னா போட்டுக்கிதுன்னு படி."

குச்சி அங்கேயே சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எடுத்தேன். திங்கள்கிழமை சொல்கிற வரி நாக்கு நுனியில் இருந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. குச்சியைக் காலியாக இருந்த முள்ளில் வைத்தேன். "ஆள் நடக்கிற வழியில் பேலட் அடுக்கி இருந்ததால் அவர் வெளியே நடக்க வேண்டி வந்தது" என்றேன். அடுத்த காலி முள்ளில் வைத்தேன். "வண்டியில் ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை. ஒயரை அறுத்து வைத்திருந்தார்கள்" என்றேன். மூன்றாவதில் வைத்து, "மாடியில் சத்தம் கேட்கக்கூடாது என்று அறுக்கச் சொன்னார்கள்" என்றேன்.

மனிதன் முள்ளில் வைக்கவில்லை. அதில்தான் எழுத்து இருந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் எழுத்து தெரியும், ஹேமா. நான் தொட்ட இடத்தில் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. பாக்கியராஜ் மட்டும் பிள்ளையின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "ஆமாம் ஆயா. ஹாரன் இல்ல. நான் ரெண்டு வாட்டி சொன்னேன், போட்டுத் தரல" என்றார். ஜெபாவும் ஆமாம் என்றாள். எட்வர்ட் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சார் வந்தார். "நீ படிச்சது அதுல இல்லியேம்மா" என்றார். தெரியும் சார் என்றேன். "திங்கக்கிழமை இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். புதுப் படம் கொண்டுவருகிறேன் என்றேன். என் நிரந்தர ஆர்டர் போன வாரமே அவர் மேஜைக்கு வந்துவிட்டது, இன்னும் கையெழுத்தாகவில்லை. நாளைக்கு இரண்டும் அவர் மேஜையில் ஒன்றாக இருக்கும். எதில் கையெழுத்து போடுவார், எதில் போடமாட்டார் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. பயம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருக்கிறது.

அத்தை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மகன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ எம்புள்ள பராக்குப் பாக்கல."

"இல்ல அத்தை."

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

மார்ச்சிலிருந்து என்றேன்.

"தெனமும் காலையில அவனத் திட்டிக்கினு இருந்தேனே புவனா. செத்தவனைத் திட்டிக்கினு இருந்தேன். நீ அந்தாண்ட அடுப்பாண்ட நின்னு கேட்டுக்கினுதானே இருந்த?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாக எங்கே இருந்ததோ, வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அத்தை என்னைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "அந்தப் பொட்டியத் தொற" என்றார்.

லேப்டாப் ஆன் ஆகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃபைலைத் திறந்து, மேல் லேயருக்குப் பிரிண்ட் டிக் போட்டேன். மனிதன் முள்ளில் இருந்த வரியை அழித்தேன். தலைக்கட்டத்தில் 'பாதிக்கப்பட்ட பணியாளர்' என்பதை எடுத்துவிட்டு பரணிதரன் என்று அடித்தேன். அத்தை ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, "இது இன்னா? இது இன்னா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். இந்தமுறை எழுதியிருந்ததையே படித்தேன்.

இன்று காலை அத்தை விளக்கேற்றினார். மகனைத் திட்டவில்லை, என்னோடும் பேசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். செப்டம்பரில் வா.

உன் அக்கா,
புவனேஸ்வரி